மூன்று பவுண்டின் நியாயம்

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் நவம்பர் என்றால் மான் வேட்டைப் பருவம். அதற்குச் சில வாரங்கள் முன்பே துப்பாக்கிக் கடைகளில் ஒரு கேள்வி சூடுபிடிக்கும்: "டிரிக்கர் எத்தனை பவுண்டு?" குண்டு வெடிக்க விரல் எவ்வளவு பலம் கொடுத்து இழுக்க வேண்டும் என்பதை அங்கே பவுண்டில்தான் சொல்கிறார்கள். ஆலையிலிருந்து ஐந்து, ஆறு பவுண்டில் வந்த டிரிக்கரை மூன்றாக்குவதும், மூன்றை இரண்டாக்குவதும், அதற்கும் கீழே கொண்டுபோவதும் பல வேட்டைக்காரர்களுக்குப் பழகிப்போன வேலை. எடை குறையக் குறையக் குறி கூடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த அளவைத் தாண்டும்போது மான் காயத்தோடு ஓடும். சில சமயம் கூட வந்தவர் சாவார்.

முதலில் அந்த உண்மையைப் பார்ப்போம். ஸ்கோப்போடு சேர்த்து ஒரு வேட்டை ரைஃபிள் மூன்றரை கிலோ அளவில் இருக்கும். ஏழு பவுண்டு டிரிக்கர் என்றால் 3.2 கிலோ. துப்பாக்கியின் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான பலத்தை ஒற்றை விரல் தர வேண்டும். விரல் மட்டும் தனியாக அப்படி இழுத்துவிடாது. உள்ளங்கை இறுகும், மணிக்கட்டு திரும்பும், குழல் முனை நகரும். துப்பாக்கியின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பின்கட்டை தோளில் அசையாமல் இருக்க, முனை மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். வெள்ளைவால் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலம். நடுவில் குறிவைத்தவருக்கு இரு பக்கமும் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். அந்த ஒரு மில்லிமீட்டர் மொத்தத்தையும் தின்றுவிடும். குண்டு நெஞ்சுக்குப் பதில் வயிற்றில் பாயும். மான் உடனே விழாது. மணிக்கணக்கில் வலியோடு நடந்து, யாரும் கண்டுபிடிக்காத புதரில் போய்ச் சாகும். கனமான டிரிக்கரை வெறுப்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆலைகள் ஏன் கனமாகவே செய்து அனுப்பின? வழக்குக்குப் பயந்து. யாராவது தவறுதலாகச் சுடப்பட்டால் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்பதால், பாதுகாப்பு என்ற பெயரில் ஸ்பிரிங்கை இறுக்கி வைத்தார்கள். 1946-இல் தொடங்கிய டிம்னி போன்ற மாற்று டிரிக்கர் நிறுவனங்கள் தழைத்ததற்கு ஆலை டிரிக்கர்களின் மேல் இருந்த இந்த அதிருப்தி ஒரு பெரிய காரணம். வழக்குக்குப் பயந்து செய்த டிரிக்கர் காட்டில் மோசமான சூட்டைத் தருகிறது என்றால், அதை மாற்றச் சொல்பவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். இரண்டு அவுன்ஸ் டிரிக்கர், அதாவது 57 கிராம், பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் சாதாரணம். அங்கே துப்பாக்கி மேசை மேல் மணல்பைகளில் படுத்திருக்கும், முனை எப்போதும் இலக்கை நோக்கியே இருக்கும், சுடுபவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்தப் போட்டிக்காரர்களின் குண்டுகள் இலக்கில் நெருக்கமாக விழுவதைப் பார்த்து வேட்டைக்காரர் ஆசைப்படுகிறார். அவர் சுடப்போவதோ மரத்தில் சாய்ந்துகொண்டு, மேட்டில் ஏறி மூச்சிரைத்தபடி, உறைபனியில் கையுறையோடு. மின்னசோட்டாவில் விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி என்பது அதிசயமில்லை. கம்பளிக் கையுறைக்குள் விரைத்த விரலுக்கு டிரிக்கர் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. தேடும்போதே ஒன்றரை பவுண்டைத் தந்துவிடும். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு மானின் மேல் வந்து சேர்வதற்கு முன்பே வெடித்துவிடும். கொம்பு மானைக் கண்டதும் இதயம் படபடத்துக் கை நடுங்குவதை வேறு இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பனியில் விளையாடும் பயத்லான் போட்டியிலேயே டிரிக்கர் 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. அங்கே தினமும் பயிற்சி எடுக்கும் வீரர்கள் சுடுதளத்தில் நின்று சுடுகிறார்கள். வருடத்தில் சில நாட்கள் மட்டும் துப்பாக்கி எடுப்பவர், புதரில் ஆட்களோடு நடந்துகொண்டு, அவர்களைவிட மெலிதான டிரிக்கர் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விரலைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை மூடியதும், அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கோடு வெடியூசி முன்னே பாயத் துடிக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது சியர் என்ற சிறு எஃகுத் துண்டு. அந்த சியரைத் தாங்குவது டிரிக்கரின் ஓர் ஓரம். இரண்டு எஃகு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் படிந்திருக்கும். ரெமிங்டன் நிறுவனத்தின் பழைய டிரிக்கரில் மூன்று திருகுகள்: ஸ்பிரிங்கின் இறுக்கத்துக்கு ஒன்று, சுட்டபின் டிரிக்கர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒன்று, இந்தப் படிமானத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒன்று. தொடாதே என்பதற்காக ஆலையில் திருகின் தலையை அடைத்தே அனுப்பினார்கள். அந்த அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திருகுபவருக்கு எடை குறைவது கைக்குத் தெரிகிறது. படிமானம் தேய்ந்து மயிரிழைக்கு வந்துவிட்டது கண்ணுக்குத் தெரிவதில்லை. பிறகு பின்கட்டை பாறையில் இடித்தால் போதும். ஸ்பிரிங் மிகவும் தளர்ந்திருந்தால், குளிரில் எண்ணெய் கெட்டிப்படும்போது டிரிக்கர் தன் இடத்துக்குத் திரும்பாமலேயே நின்றுவிடும். போல்ட்டை மூடும்போதே வெடிக்கும்.

அந்நிறுவனத்தின் ரெமிங்டன் 700 ரைஃபிளின் கதை இங்கே சொல்லப்பட வேண்டியது. அதன் டிரிக்கரை வடிவமைத்த மைக் வாக்கர் சிறந்த பொறியாளர், தானே பெஞ்ச்ரெஸ்ட் சுடுபவர். 1948-இல் வந்த 721, 722 மாடல்களில் தொடங்கி, 1962-இல் வந்த 700-லும் அந்த டிரிக்கர் தொடர்ந்தது. இழுப்பில் சுத்தம், உடைவில், அதாவது டிரிக்கர் விடும் கணத்தில், துல்லியம். அந்நாளைய வேட்டை ரைஃபிள்களில் அதற்கு இணை குறைவு. அந்தத் துல்லியத்துக்காக வாக்கர் டிரிக்கருக்கும் சியருக்கும் நடுவே கனெக்டர் என்ற தனித்துண்டு ஒன்றை வைத்தார். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது டிரிக்கரிலிருந்து விலகித் திரும்பும். அந்த இடைவெளியில் தூசியோ பனியோ புகுந்தால் சியருக்குத் தாங்கல் போய்விடும், சேஃப்டியைத் தள்ளியதுமே துப்பாக்கி வெடிக்கும் என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். 2010-இல் சிஎன்பிசி இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. 75 லட்சம் துப்பாக்கிகளைத் தொடும் சமரசத்துக்கு 2017-இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. வடிவமைப்பில் குறை உண்டு என்பதை நிறுவனம் கடைசிவரை ஏற்கவில்லை. உரிமையாளர்கள் திருகியதும் பராமரிக்காததும்தான் காரணம் என்று வாதிட்டது. யார் சொல்வது சரி என்பதை ஒவ்வொரு துப்பாக்கியிலும் தனித்தனியாக நிறுவுவது கடினம், ஏனென்றால் திருகுகளில் பல பேர் கை பட்டிருந்தது. வீட்டு மேசையில் ஸ்க்ரூடிரைவரோடு செய்யும் வேலையின் மேல் எனக்குள்ள பெரிய புகார் இது. ஆலையின் தவறு இருந்தால் அதையும் அது சேர்த்து மறைத்துவிடுகிறது.

சாவேஜ் நிறுவனம் 2002-இல் அக்யூடிரிக்கரைக் கொண்டுவந்தபோது வழக்குப் பயமும் கனமான ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை அல்ல என்பது தெரிந்தது. டிரிக்கரின் நடுவே ஒரு மெல்லிய தகடு. அதை விரல் அழுத்தாதவரை, சியர் அதிர்ச்சியில் நழுவினாலும் தகடு அதைப் பிடித்து நிறுத்திவிடும். அதனால் உரிமையாளரே எடையைப் பயமில்லாமல் குறைத்துக்கொள்ள முடிந்தது. குறையும் உண்டு: கையுறை விரல் ஓரமாகப் பட்டுத் தகடு சரியாக அழுந்தாவிட்டால் சியர் தகட்டில் விழுந்து துப்பாக்கி செத்துவிடும், போல்ட்டை மறுபடி தூக்கி இறக்க வேண்டும். மான் போய்விடும். மானைத் தவறவிடுவது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

ஜெர்மானியர்களுக்கு இன்னும் பழைய வழி ஒன்று உண்டு: ஸ்டெக்கர். சாதாரணமாகக் கனமாக இருக்கும் டிரிக்கரை, சுடப்போகும் கணத்தில் மட்டும் ஒரு 'கிளிக்'கில் மிக மெலிதாக்கலாம். பரண் மேல் உட்கார்ந்து அசையாத மானைச் சுட அருமையானது. சுடாமல் விட்டால் உடனே அதை விடுவிக்க வேண்டும் என்று அந்நாட்டு வேட்டைப் பாதுகாப்பு விதி கட்டாயப்படுத்துகிறது. அந்த விதி தேவைப்படுவதே அதன் பலவீனம். விரட்டப்பட்டு ஓடிவரும் காட்டுப்பன்றியைச் சுட இது உதவவே உதவாது.

இவ்வளவு சண்டையும் ஓர் எண்ணைச் சுற்றி நடக்கிறது என்பது எனக்கு வருத்தம். மூன்று பவுண்டில் இருந்தும் கரகரவென்று இழுபடும் டிரிக்கர், நான்கு பவுண்டில் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடும் டிரிக்கரைவிட மோசமாகச் சுடும். எடையே அளக்கும் இடத்தைப் பொறுத்தது: அளவுகோலின் கொக்கியை டிரிக்கரின் நுனியில் மாட்டினால் ஓர் எண், மேலே மாட்டினால் வேறோர் எண். விளம்பரத்தில் எடையைப் பெரிய எழுத்தில் போடும் நிறுவனங்கள், நாலடி உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பில் போட்டுப் பார்க்கும் சோதனையில் அதே எடையில் அந்தத் துப்பாக்கி தாங்கியதா என்பதையும் பக்கத்திலேயே போடட்டும்.

காட்டில் நடந்து வேட்டையாடுபவருக்கு மூன்று பவுண்டு, அதாவது 1.36 கிலோவை ஒட்டி, சுத்தமான உடைவு போதும் என்பது என் முடிவு. கடும் குளிரும் தடித்த கையுறையும் என்றால் நான்குவரை போகலாம். பரணில் தனியாக உட்கார்ந்து, தாங்கலில் வைத்துத் தூரத்து மானைச் சுடும் அனுபவசாலிக்கு இரண்டரை. இரண்டுக்குக் கீழே உள்ளதைச் சுடுதளத்திலேயே விட்டுவிட வேண்டும். பழைய துப்பாக்கி வாங்குகிறவர் எடையைக் கேட்பதற்கு முன் திருகுகளின் அடைப்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். உடைந்திருந்தால், தோட்டா போடுவதற்கு முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் படிமானத்தைச் சோதிக்கட்டும்.