காலால் ஏறும் சூடு

ராட்சத இயந்திரங்கள் மோதும் விளையாட்டுகளில் ஆயுதத்தைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் யார் என்பதைக் காட்டிக்கொடுப்பது சூட்டுக் கணக்கு. அந்தக் கணக்கில் பீரங்கிக்கு மட்டுமல்லாமல் காலுக்கும் தரைக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கே நிற்கிறோம், எப்படி அங்கே போனோம் என்பதைச் சூடு கேட்காவிட்டால், வரைபடம் வெறும் அலங்காரம்தான்.

இந்த விளையாட்டு மரபின் மூலவீடு சிகாகோ. ஜோர்டான் வைஸ்மனும் ராஸ் பாப்காக்கும் தொடங்கிய ஃபாசா நிறுவனம் 1984-இல் 'பேட்டில்ட்ராய்ட்ஸ்' என்ற பலகை விளையாட்டை வெளியிட்டது. லூகாஸ்ஃபிலிம் உரிமை கோரியதால் அடுத்த ஆண்டே அது 'பேட்டில்டெக்' ஆயிற்று. அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடம், இரண்டு பகடைகள், 'மெக்' எனப்படும் ராட்சத இயந்திரம் ஒன்றுக்கு ஒரு தாள். அந்தத் தாளின் ஓரத்தில் 30 வரை ஏறும் வெப்ப அளவு. நாற்பது ஆண்டுகளாகப் பின்வந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு வகையில் அந்த ஓரத்துக்குக் கடன்பட்டவர்கள்.

விதி எளிது. நடந்தால் 1 புள்ளி, ஓடினால் 2. தாவினால் கட்டத்துக்கு 1, ஆனால் ஒரே கட்டம் தாவினாலும் 3. பி.பி.சி. எனப்படும் துகள் பீரங்கியை ஒருமுறை சுட்டால் 10. இதைப் பார்க்கும் புதியவர், நடையின் சூடு ஒரு பொருட்டே இல்லை என்று நினைப்பார். 80 டன் எடையுள்ள 'ஆசம்' மெக்கின் தாளை எடுத்துக் கணக்குப் போட்டால் அந்த எண்ணம் மாறும். அதில் மூன்று பி.பி.சி., சுற்றுக்கு ஒரு புள்ளி சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க் 28. நின்றபடி மூன்றையும் சுட்டால் 30 ஏறி 28 இறங்கும், மிச்சம் 2. நடந்தபடி சுட்டால் மிச்சம் 3. இரண்டு சுற்று நடந்து சுட்டால் 6. அளவு 5-ஐத் தொட்டவுடனே நடையில் ஒரு புள்ளி போய்விடும். மூன்று கட்டம் நடக்கக்கூடிய மெக் இரண்டுதான் நடக்கும். ஓட்டம் ஐந்திலிருந்து மூன்றாகும். மூன்றாம் சுற்றில் நடந்தபடி இரண்டு பி.பி.சி. மட்டும் சுட்டால் 21 ஏறி 28 இறங்கி, அளவு பூஜ்யத்துக்குத் திரும்பும். இரண்டு முறை மூன்று, ஒரு முறை இரண்டு என்ற இந்தத் தாளத்தைப் பழகியவர் கையில் அந்த மெக் கடைசிவரை நிற்கும்.

நடந்தால் குறி தப்பும், ஓடினால் இன்னும் தப்பும், தாவினால் மிகவும் தப்பும். ஆனால் அதிகக் கட்டங்கள் கடந்தவரை எதிரியும் எளிதில் அடிக்க முடியாது. ஆக, கொஞ்சம் சூட்டைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்குகிறோம். அளவு 8-ஐத் தொட்டால் குறி கெடும். 14-இல் இயந்திரம் அணைந்துபோகாமல் இருக்கப் பகடை உருட்ட வேண்டும். 19-இல் உள்ளே இருக்கும் குண்டுகளே வெடிக்கலாம். 30-இல் பகடைக்கே வேலை இல்லை, மெக் அணைந்துவிடும். தண்டனை படிப்படியாக வருவதுதான் இந்தப் பள்ளியின் பெருமை. ஒவ்வொரு படியிலும் ஆட்டக்காரருக்கு யோசிக்க இடம் இருக்கிறது.

தரையின் பங்கும் அதே அளவு நுட்பமானது. ஒரு மட்ட ஆழமுள்ள நீரில் நின்றால் காலில் இருக்கும் ஹீட் சிங்குகள் மட்டும் இரட்டிப்பாக வேலை செய்யும். இரண்டு மட்ட ஆழத்தில் எல்லாமே. எத்தனை இருந்தாலும் கூடுதல் 6-ஐத் தாண்டாது. அதனால் மெக்கை வடிவமைக்கும்போதே ஹீட் சிங்கை மார்பில் வைப்பதா காலில் வைப்பதா என்ற கேள்வி எழுகிறது. களத்தில் ஓடும் ஒரு ஓடை, போருக்கு முன்பே தாளை மாற்றி எழுத வைக்கிறது. எரியும் காட்டுக்குள் ஒரு கட்டம் நுழைந்து கடந்தால் 2, அங்கேயே நின்றால் 5. மேல்நிலை விதிகளில், வெயில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் 1 புள்ளி ஏறும். மைனஸ் 30-க்குக் கீழே போனால் அதே கணக்கில் இறங்கும். எதிரியின் காட்டைக் கொளுத்துவதும் ஏரிக்கரையைப் பிடிப்பதும் இங்கே சுடுவதற்கு நிகரான போர்முறை.

இரண்டாவது பள்ளி விமானி அறைக்குள் உட்கார வைப்பது. டைனமிக்ஸ் 1989-இல் செய்த 'மெக்வாரியர்', 1990-இல் சிகாகோவில் திறந்த பேட்டில்டெக் மையத்தின் மூடிய இருக்கைகள், 1995-இன் 'மெக்வாரியர் 2' என்று அது வளர்ந்தது. சுற்றுக்கு ஒருமுறை நின்று கணக்குப் பார்க்கும் வசதி போய், சூடு நொடிக்கு நொடி ஏறி இறங்கும் ஊசியானது. பதற்றம் கூடியது உண்மை. நடையின் நுட்பம் குறைந்ததும் உண்மை. 'மெக்வாரியர் ஆன்லைன்' 2013-இல் கொண்டுவந்த விதி ஒன்று, ஒரே வகை ஆயுதத்தை அரை நொடிக்குள் வரம்புக்கு மேல் சுட்டால் அபராதச் சூடு ஏற்றியது. தேவை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது ஆயுதத்தை மட்டுமே பார்த்த விதி. அதே விளையாட்டில் எரிமலைக் களமான டெர்ரா தெர்மா எனக்குப் பிடித்தது. அங்கே இயந்திரம் மெதுவாகத்தான் குளிரும். பனிக்களத்தில் வெற்றி தந்த அதே ஆயுத அடுக்கு இங்கே ஆளைக் கவிழ்க்கும்.

வைஸ்மனின் ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ் 2018-இல் தந்த 'பேட்டில்டெக்', சுற்று முறையைத் திரைக்குக் கொண்டுவந்தது. தாவினால் சூடு, நீரில் நின்றால் குளிர்ச்சி, காற்றில்லாத நிலவுக்களத்தில் குளிர்வு மந்தம். அளவு மீறினால் உடலின் உட்கட்டமைப்பே சேதப்படும். தரைக்கு முழு மதிப்பெண் தருவேன். ஆனால் சூடேறிய மெக் தளர்ந்து நடப்பதில்லை, அதன் குறியும் கெடுவதில்லை. படிப்படியான அந்தத் தண்டனை இல்லாதது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

ஜப்பானியப் பள்ளி தனிவழி. ஃப்ரம்சாஃப்ட்வேரின் 'ஆர்மர்ட் கோர்' வரிசையில் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர் என்ற தனி உறுப்பே ஒரு காலத்தில் இருந்தது. 2004-இல் வந்த 'நெக்ஸஸ்', பூஸ்டரை அழுத்திப் பாய்வதற்கே சூட்டு விலை வைத்தது. ஆட்டக்காரர்களில் பலர் வெறுத்தார்கள். நான் அதை மதிக்கிறேன். ஓயாமல் பறந்துகொண்டிருந்தவரைத் தரையில் இறங்கி நடக்கவும், ஒரு கட்டடத்தின் பின்னால் மூச்சு வாங்கவும் வைத்த விதி அது. பிறகு 'ஆர்மர்ட் கோர் 4' வந்தபோது ரேடியேட்டரையே எடுத்துவிட்டார்கள். வேகம் பல மடங்கு கூடியது. எங்கே நிற்பது என்று யோசிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது.