பின்னணி இசையும் பக்கவாத்தியமும்

லால்குடியைப் பற்றிய காணொளி ஒன்றை அண்மையில் செல்பேசியில் பார்த்தேன். எடுத்தவர் பெயர் இங்குத் தேவையில்லை; நான் சொல்லப்போகும் குறை அவர் ஒருவருடையது மட்டுமன்று. சப்தரிஷீசுவரர் கோயிலையும், அவ்வூர் இறைவன் இறைவி மீது தியாகராசர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகளையும், வயலின் மேதை லால்குடி ஜெயராமனையும் பற்றிய படம் அது. காட்சிகள் அழகு. வருணனையாளரின் குரலும் நல்ல குரல். ஆனால், அவர் என்ன சொன்னார் என்பதுதான் பாதி விளங்கவில்லை! ஜெயராமன் பிறந்த ஆண்டை மூன்று முறை திருப்பிக் கேட்டும் பிடிக்க முடியவில்லை. (அவர் பிறந்தது 1930, செப்டம்பர் 17.) குரலுக்கு அடியில் ஓடியிருக்க வேண்டிய வயலினும் மிருதங்கமும் குரலின் தலைமேல் ஏறி ஓடின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெயராமன் தம் பன்னிரண்டாம் வயதில் மேடையேறியது பக்கவாத்தியக்காரராகத்தான். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி. என். பி., மதுரை மணி ஐயர் எனப் பெரும் பாடகர்களுக்கெல்லாம் அவர் வாசித்தார். ஒரு குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை வில்லால் காட்டியவர் அவர். அவரைப் பற்றிய படமே அந்தப் பாடத்தை மறந்துவிட்டது.

குரல் ஏன் மறைகிறது? இசை உரக்க ஒலிப்பது மட்டுமே காரணமன்று. நம் பேச்சில் உயிரெழுத்துகளுக்கு வலிமை மிகுதி. அவ்வலிமை பெரும்பாலும் 1,000 ஹெர்ட்சுக்குக் கீழேயே அடங்கிவிடுகிறது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளோ வலிமை குறைந்தவை, நொடியில் மறைபவை. அவற்றின் அடையாளங்களில் பல 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான மேற்பகுதியில் இருக்கின்றன.

இனி, காதுக்குள் நடப்பதைப் பாருங்கள். உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பு ஒன்று இருக்கிறது. அதன் வாயிலருகே உயர்ந்த அதிர்வெண்களும், உள்முனையில் தாழ்ந்த அதிர்வெண்களும் உணரப்படுகின்றன. ஒலி அதனுள் அலையாக நகர்வதைக் கண்டறிந்த கியார்க் வான் பெக்கேசிக்கு 1961இல் நோபெல் பரிசு கிடைத்தது. தாழ்ந்த ஒலியின் அலை, தன் இடத்தை அடையுமுன் உயர்ந்த ஒலிகளின் இடத்தைக் கடந்தே செல்ல வேண்டும். ஆகவே, உரத்த தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை எளிதில் மறைத்துவிடுகிறது. உயர்ந்தது தாழ்ந்ததை மறைப்பது அவ்வளவு எளிதன்று. மிருதங்கத்தின் இடது பக்க ஒலி மெய்யெழுத்துகளை விழுங்குவது இப்படித்தான்.

ஊர்ப் பெருமை சொல்லும் படத்தில் இரண்டொரு சொல் போனால் என்ன என்று கேட்கலாம். இதே வழக்கம் பள்ளிப் பாடக் காணொளிகளிலும் புகுந்துவிட்டது. 'ஒளியின் வேகம்' என்றாரா, 'ஒலியின் வேகம்' என்றாரா? ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர். மற்றது காற்றில் ஏறத்தாழ 340 மீட்டர். ஓர் எழுத்தை இசை மறைத்தால் மாணவருக்கு ஏற்படும் நட்டம் சிறியதா? முதியவர்கள் நிலை இன்னும் கடினம். வயது ஏற ஏற, முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறனே.

இசை எந்த அளவில் இருக்கலாம்? இணையத்துக்கான நெறிகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, பேச்சையே முதன்மையாகக் கொண்ட ஒலிப்பதிவுகளுக்கு 2008இல் ஓர் அளவைச் சொன்னது. பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அது. அதாவது, இசையின் ஆற்றல் பேச்சினுடையதில் நூறில் ஒரு பங்கு. காதுக்கு ஏறத்தாழ கால் பங்கு உரப்பாகவே தோன்றும். கடுமையான அளவுதான், மிக உயர்ந்த தரத்துக்கென வகுத்தது. ஆனால், அதை நோக்கி நடப்பதில் தவறில்லையே!

'இசையைக் குறைத்தால் படம் வறண்டுவிடும்' என்பார் படத்தொகுப்பாளர். இங்கேதான் கச்சேரி மேடை வழிகாட்டுகிறது. பாடகர் ஆலாபனை செய்யும்போது வயலின் நிழல்போல அடங்கிப் பின்தொடர்கிறது. அவர் நிறுத்தியதும் அதன் முறை வருகிறது. அப்போது முழுக்குரலில் பேசுகிறது. காணொளியிலும் அவ்வாறே செய்யலாம். கோபுரத்தை மட்டும் காட்டும்போது இசை உயரட்டும். அடுத்த சொல் பிறப்பதற்கு அரை நொடி முன்பே அது மெல்ல இறங்கிவிடட்டும். முழுதும் ஒரே அளவில் ஓடும் இசை பக்கவாத்தியம் ஆகாது. பக்கத்து வீட்டு வானொலிதான்.

நீங்கள் இத்தகைய படம் தயாரிப்பவரானால் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் காதை நம்பாதீர்கள்; உரையை எழுதியவர் நீங்கள். கேட்காத சொல்லையும் உங்கள் மூளை நிரப்பிக்கொள்ளும். தலையில் மாட்டும் காதொலிப்பானில் இசையும் குரலும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருவதுபோல் தோன்றி எளிதில் பிரியும். செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலோ இரண்டும் ஒரே துளை வழியே வரும். ஆகவே, செல்பேசியை மேசைமேல் வைத்து, உரையை அறியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை அவர் எழுதட்டும். எழுத முடியாமல் நின்ற இடங்களில் எல்லாம் இசையைக் குறையுங்கள்.

லால்குடிப் படத்தை எடுத்தவருக்கும் என் வேண்டுகோள் இதுவே. நல்ல உழைப்பு, அதை வீணாக்க வேண்டாம். ஒலிக்கோவையை மட்டும் மீண்டும் ஒருமுறை திருத்தி வெளியிட்டால், அந்த ஊரின் கதை ஊராருக்கே காதில் விழும்.