சாய்ந்தாலும் விழாத வீடுகள்

'கிராமம்' என்று தலைப்புக் கொடுத்தால் போதும், நம் மாணவர்கள் பச்சைப் பசேல் வயல், சலசலக்கும் ஓடை, அமைதியான வாழ்க்கை என்று எழுதிவிடுவார்கள். படத்தைப் பார்க்கவே வேண்டாம்! அப்படி எழுத விடாத ஓவியம் ஒன்று உண்டு.

ஜோன் எர்ட்லி (1921–1963) ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள கேட்டர்லைன் என்னும் சின்ன மீனவக் கிராமத்தில் தங்கி வரைந்தவர். 1963இல் அவர் தீட்டிய 'கேட்டர்லைனில் குளிர்காலம்' ஓவியத்தில், மேட்டின் உச்சியில் ஒரு வரிசை வீடுகள் தெரிகின்றன. கீழே பனி மூடிய சரிவு. படத்தில் பெரும்பகுதியை நிலமே எடுத்துக்கொள்கிறது. வீடுகளுக்குக் கிடைப்பது கொஞ்ச இடந்தான். அவையும் நேராக நிற்கவில்லை, காற்றுக்குச் சாய்ந்தாற்போல் இருக்கின்றன.

சாயம் தடித்துக் கிடப்பதைப் பார்த்து, "என்ன டீச்சர், இப்படி அப்பி வச்சிருக்காங்க?" என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். எர்ட்லிக்குச் சாயம் வெறும் நிறமன்று, பொருள். 1960இல் வரைந்த புல்வெளி ஓவியம் ஒன்றில் உண்மையான புற்களையும் விதைக்கதிர்களையும் சாயத்தோடு பதித்தார். நிலத்தைப் போல வரைவது போதாமல், நிலத்தையே படத்துக்குள் கொண்டுவந்தார். அந்தக் கையின் முரட்டுத்தனம் இந்தப் பனிச்சரிவிலும் தெரிகிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கிளாஸ்கோவின் தெருப் பிள்ளைகளை அவ்வளவு நெருக்கமாக வரைந்தவர், இங்கே ஆளையே காட்டவில்லை. மீனவர்களின் உழைப்பு எங்கே? வீடுகளே மனிதர்களுக்காக நிற்கின்றன என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது பாதி பதில்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில், 42 வயதில், எர்ட்லி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இதை அறிந்ததும், 'மரணத்தை உணர்ந்து வரைந்த ஓவியம்' என்று எழுதக் கை துடிக்கும். அவசரப்பட வேண்டாம். அது வாழ்க்கைக் குறிப்பு சொல்வது. படம் சொல்வது வேறு. அந்த வீடுகள் சாய்ந்திருக்கின்றன, ஆனால் ஒன்றுகூட விழவில்லை.

மாணவர்களே, கருத்து எதுவானாலும் எழுதுங்கள். படத்தில் எந்த இடம் அப்படிச் சொல்ல வைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதுதான் திறனாய்வு.