தேயிலைக்குக் கிடைத்த நிழல்

மலையகத்துக்கு நிழல் புதிய கலை அன்று. தேயிலைச் செடிக்கு எவ்வளவு வெயில் வேண்டும், உயர்ந்த நிழலுக்கு எந்த மரம், தாழ்ந்த நிழலுக்கு எந்த மரம், எந்தப் பருவத்தில் எந்தக் கிளையைக் கழிப்பது என்பதையெல்லாம் தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பார்த்து வந்திருக்கின்றன. 1925இல் தொடங்கப்பட்டு தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கணக்கை முறையாகவே வகுத்துவைத்தது. மேலே கிரவீலியா, அதன் கீழே முள்முருங்கை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் முருங்கையை வெட்டி ஒளி விட்டால் கொப்புள நோய் அடங்கும். வெட்டிய தழை மண்ணுக்கு உரமாகும். இடைவெளி, பருவம், பராமரிப்பு, பயன் ஆகிய நான்கும் பொருந்தி வந்த திட்டமிடல் இது. மனிதர் அமர்ந்து இளைப்பாறும் நிழலுக்கும் இதே கண்டிப்பைக் கோருவது நியாயமே. அந்தக் கண்டிப்போடு மலையகத்தின் பொதுவெளிகளை அணுகினால், பழையவை பாதி தேறுகின்றன. புதியவை தேர்வுக்கே வரவில்லை.

அளவுகோலை முதலில் சரிசெய்துகொள்வோம். பூங்கா வடிவமைப்பு பற்றிய நூல்கள் பெரும்பாலும் வெப்பம் தகிக்கும் நகரங்களை மனத்தில் கொண்டவை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில், சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும் நுவரெலியாவில் காலை வேளையில் மக்கள் தேடுவது வெயிலை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் மாதக்கணக்கில் மழை. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் உறைபனி, நண்பகலில் தோலைச் சுடும் மலை வெயில். ஆகவே இங்கே நிழல் என்பதை மழைக்கும் காற்றுக்கும் உச்சி வெயிலுக்கும் சேர்த்து ஒரு கூரை என்று கொள்ள வேண்டும்; காலை வெயில் உள்ளே வரக் கிழக்குப் பக்கம் திறந்திருக்கவும் வேண்டும். கொழும்பின் பூங்காவை அப்படியே மலையேற்றுவது எவ்வளவு பிழையோ, குளிர் ஊருக்கு நிழல் எதற்கு என்று கைவிடுவதும் அவ்வளவு பிழை.

நுவரெலியா விக்டோரியா பூங்காவிலிருந்து தொடங்கலாம். ஹக்கல தாவரவியல் பூங்காவின் ஆய்வுத் திடலாக இருந்த நிலம், 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவை முன்னிட்டு இப்பெயர் பெற்றது. பரப்பு 27 ஏக்கர். இதன் சாதனை அடுக்குகளில் இருக்கிறது: வானை மூடும் முதுமரங்கள், இடையில் சிறுமரங்கள், கீழே புதர், ஈரச் சருகு, ஊடே ஓடை. இந்த அடுக்கமைப்புக்குச் சான்று சொல்ல மனிதர் தேவையில்லை. குளிர்காலத்தில் வலசை வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் ஆறுமணிக்குருவியும் நகர் நடுவே உள்ள இந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதும், அவற்றைப் பார்க்க வெளிநாட்டார் வருவதும் போதும். அமைவிடமும் குறைசொல்ல முடியாதது. தபாலகம், சந்தை, பஸ் நிலையம் எல்லாம் நடந்துபோகும் தூரம்.

குறை அதன் இலக்கணத்தில் இருக்கிறது. பாத்தி, வேலி, சுற்றிவரும் நடைபாதை எல்லாமே பார்வையாளருக்காக எழுதப்பட்டவை. தங்குவோர் அதில் இரண்டாம் பட்சம். இதற்கு மேல் நுழைவுச் சீட்டு. தோட்டத்திலிருந்து வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்து, திரும்பிப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இந்த 27 ஏக்கரும் வேலிக்கு அப்பால் தெரியும் ஒரு காட்சி மட்டுமே. சீட்டு இல்லாமல் பராமரிப்புச் செலவுக்கு எங்கே போவது என்ற மறுப்பு நேர்மையானது. அதை ஒதுக்க முடியாது. ஆனால் முழுப் பூங்காவையும் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நியூயார்க்கின் சிறு சதுக்கங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வில்லியம் வைட் 1980இல் வெளியிட்ட நூல் காட்டியபடி, பொதுவெளியின் உயிர் தெருவோடு அது உரசும் விளிம்பில்தான் இருக்கிறது. வீதியை ஒட்டிய ஒரு பட்டியை மட்டும் வேலிக்கு வெளியே விட்டு, முதுமரங்களின் கீழே கூரையிட்ட இருக்கைகள் அமைத்தால் மாநகர சபையின் வருமானம் குறையாது. இந்தச் சிறிய திருத்தம்கூட நிகழாததால், அழகில் முதல் வரிசைக்குரிய இப்பூங்கா பொதுமையில் பின்தங்குகிறது.

கிரகரி வாவியை விரைவாகக் கடந்துவிடலாம். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் சதுப்பு நிலத்தை அணைகட்டி ஏரியாக்கியது துணிச்சலான பொறியியல். கரையோரப் பூங்காவோ படகு, குதிரை, கடை என வாடகைக்குரியவற்றால் நிரம்பிய ஒரு சித்திரை மாத நிகழ்ச்சிநிரல். கரையின் பெரும்பகுதி திறந்த வெளி. மழை வந்தால் ஓட வேண்டும். தண்ணீர் என்ற இயற்கை வசீகரத்தைக் கழித்துவிட்டால் வடிவமைப்பின் பங்கு மிகச் சொற்பம்.

இனி உண்மையான சோதனைக்களம்: தோட்டங்களில் எழும் புதிய கிராமங்கள். மலையகத்தில் இன்று புதிதாகத் திட்டமிடப்படும் குடியிருப்பு என்றால் அது இவைதான். இந்திய உதவியுடன் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018 ஆகஸ்ட் 12ஆம் திகதி கையளிக்கப்பட்ட 404 வீடுகளைக் கொண்ட மகாத்மா காந்திபுரம் அவற்றில் பெரியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி தனி வீடு. லயக் காம்பராவில் அப்பன், பிள்ளை, பேரன் என்று ஒரே சுவருக்குள் முடங்கிய மக்களுக்குத் தனிக் கதவும் தனிக் கழிப்பறையும் எத்தகைய மாற்றம் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. வீடமைப்பு என்ற வகையில் இது வெற்றி. அதை மறுப்பவர் லயத்தில் ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்க்கட்டும்.

குடியமைப்பு என்ற வகையில் மதிப்பிடும்போதுதான் வழக்கு மாறுகிறது. இத்திட்டங்கள் அளந்து பேசுபவை வீட்டின் பரப்பு, காணியின் அளவு, பாதை, தண்ணீர், மின்சாரம். பொதுவெளி ஓர் அளவாக இந்தப் பட்டியலில் ஏறவில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது வீதிகள் நீங்கலாகப் பத்து வீதத்தைச் சமூக, பொழுதுபோக்குத் தேவைக்கு ஒதுக்கச் சொல்லின. அந்த விதி ஒரு தோட்டத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தியதா என்பது வழக்கறிஞர் கேள்வி. அளவுகோலாக அது எங்கும் செல்லும். 404 வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் வீதம் ஏறத்தாழ 17.7 ஏக்கர். அதற்கு ஈடாகப் பத்து வீத விதி கேட்கும் பொது நிலம் ஏறத்தாழ 2 ஏக்கர். பெரிய நிலமன்று. ஆனால் முளை அடித்து துண்டு பிரிப்பதற்கு முன்பே ஒதுக்கினால்தான் கிடைக்கும்; வீடு எழுந்தபின் எஞ்சுவது செங்குத்துச் சரிவும் வடிகால் ஓரமும்தான்.

இங்கே பழைய லயத்தை ஏக்கத்தோடு நினைவுகூரும் எழுத்துகளிடம் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இஸ்தோப்பு, வாசல், பீலிக்கரை, காமன் கூத்து ஆடிய பொட்டல் ஆகியவை உயிருள்ள பொதுவெளிகளாக இருந்தன என்பது மெய். அவை உயிர்பெற்றதற்கு உள்ளே இருக்க இடமில்லாததும் ஒரு காரணம் என்பதும் அதே அளவுக்கு மெய். நெரிசல் வெளியே தள்ளிய மனிதரின் கூட்டத்தைத் தோழமை என்று மட்டும் வருணிப்பது நேர்மையான திறனாய்வாகாது. ஆனாலும் அந்த வெளிகள் ஆற்றிய பணி ஒன்று உண்டு: குழந்தையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டே பெண்கள் பேச முடிந்தது, கிழவர்கள் வெயில் காய முடிந்தது, செய்தி பரவியது. நெரிசலை நீக்கிய திட்டம் அந்தப் பணியைத் தன் வரைபடத்தில் வேறிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டாதபோது அந்தச் சுமை கார்ப்பட் பாதையின் ஓரத்துக்கு வந்து சேர்கிறது.

“கிரவுண்ட் இருக்கிறதே” என்பது வழக்கமான பதில். இருக்கிறது, ஹட்டன் டன்பார் மைதானம் போன்றவை வட்டாரத்துக்கே பெருமை. ஆனால் மைதானம் கிரிக்கெட் மட்டை பிடித்த இளைஞருக்குரியது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பெண்ணுக்கும் பள்ளி முடிந்த சிறுமிக்கும் அங்கே இடம் விளிம்பில்தான். விளிம்பிலோ மரம் இல்லை. இதற்கு மாறாகத் தோட்டத்தில் உள்ள ஆகச் சிறந்த நிழல் எந்தத் திட்டத்திலும் வராதது. கோயில் முற்றத்திலும் முனியாண்டி குடிகொண்ட மரத்தடியிலும் கிளையை எவரும் வெட்டுவதில்லை. வரி வசூலித்துப் பராமரிக்கிறார்கள். மேடை இருக்கிறது, கூரை இருக்கிறது. முறை, தொடர்ச்சி, பயன் மூன்றிலும் விக்டோரியா பூங்காவோடு ஒப்பிடத் தக்கது இந்த மரத்தடியே. அதன் எல்லையும் தெளிவு: வேறு மதத்தார் அங்கே விருந்தினரே, பெண்கள் எல்லா நாளும் எல்லா இடத்திலும் இயல்பாக உட்கார முடிவதில்லை. முன்மாதிரியாகக் கொள்ளலாம்; மாற்றாகக் கொள்ள இயலாது.

மரத் தெரிவிலும் தேயிலைப் பழக்கம் கண்ணை மறைக்கிறது. கிரவீலியா வேகமாக வளரும், நாற்று மலிவு, கைக்குப் பழகியது. ஆனால் அதன் உயர்ந்த மெல்லிய தலை ஒளியை வடிகட்டவே வளர்க்கப்பட்டது, மழையைத் தடுக்கவன்று. தோட்டத்தார் டர்பன்டைன் என்று சொல்லும் யூகலிப்டஸ் பருவக்காற்றில் முறிந்து விழுவது ஆண்டுதோறும் செய்தி. குடியிருப்புக்குப் பக்கத்தில் அதை நடுவது வடிவமைப்புப் பிழை என்பதைத் தாண்டி, ஆபத்து. பரந்து அடர்ந்த தலையும் வலிய வேரும் கொண்ட மலைக்காட்டு மரங்களான கீன, நாவல் இனங்கள், காட்டுச் சண்பகம் போன்றவை மெதுவாக வளர்பவை. கையளிப்பு விழாவுக்குள் நிழல் தராது என்பதே அவை புறக்கணிக்கப்படக் காரணம் என்றால், விழாவை அளவுகோலாகக் கொண்ட குற்றம் மரத்தினுடையதன்று. வேரும் வடிகாலும் சேர்ந்த தோப்பு சரிவைப் பிடித்துவைக்கவும் உதவும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் இந்த மலைகளைச் சரித்த பிறகு இது அலங்காரப் பேச்சாகத் தோன்றாது.

யாரைப் பொறுப்பாக்குவது என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை இருக்கவில்லை. நிலம் அரசுக்குரியது, குத்தகை கம்பனிக்கு. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிப்பதற்கு முட்டுக்கட்டையாக நின்றது. ஆகவே தோட்டத்தில் ஒரு பூங்கா இல்லாததற்கு அக்காலத்து உறுப்பினர்களை வைவது நியாயமன்று. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டு பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்குச் சட்டம் பிறந்தது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை பிரதேச சபைகளுக்கு முதல் தேர்தலும் நடந்தது. சாக்கு முடிந்தது, பணப் பற்றாக்குறை வேறு விஷயம், ஆனால் வரைபடத்தில் இரண்டு ஏக்கரைக் கோடிட்டு விடுவதற்குப் பணம் தேவையில்லை.

தீர்ப்பு இவ்வாறே அமைகிறது: விக்டோரியா பூங்கா சிறந்த தோட்டக்கலை, பாதிப் பொதுவெளி. கிரகரி வாவிக்கரை காட்சிக்கூடம். புதிய கிராமங்கள் வீடுகளாகத் தேறின, ஊர்களாக இன்னும் தேறவில்லை. இனி முளை அடிக்கப்படும் ஒவ்வொரு கிராமத்திலும் வீட்டுறுதியோடு பொதுக்காணியின் உறுதியும் பிரதேச சபையின் பெயரில் எழுதப்பட வேண்டும். வாசகர்கள் தத்தம் சபை உறுப்பினரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். வீடொன்றுக்கு அது முக்கால் பேர்ச்சஸுக்குச் சற்று மேல்.