தொடுக்கப்படாத வழக்கு: 'வாஷிங்டன் ஸ்கொயர்' நாவலில் உயிலும் மகளின் சொத்துரிமையும்

ஹென்றி ஜேம்ஸின் 'வாஷிங்டன் ஸ்கொயர்' (1880) பெரும்பாலும் உளவியல் நாவலாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. கூர்மதி படைத்த தந்தை, மந்தமானவள் என்று அவரால் மதிப்பிடப்படும் மகள், பணத்தை நாடி வரும் அழகன், இடையில் தூது போகும் விதவை அத்தை ஆகிய நால்வரின் மன இயக்கமே திறனாய்வாளர்களை ஈர்த்துள்ளது. ஆயினும் இந்நால்வரையும் பிணைத்திருப்பது ஒரு சொத்துக் கணக்கு. கேத்தரின் ஸ்லோப்பருக்குத் தாய்வழிச் சொத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 டாலர் வருமானம் உண்டு. தந்தை மனம் வைத்தால் அவரது மறைவுக்குப் பின் அது 30,000 ஆகும். முதல் தொகையைத் தந்தையால் தொட இயலாது. எஞ்சியதை அவர் விரும்பிய எவருக்கும் எழுதி வைக்கலாம். கதையின் இறுக்கம் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

அன்றைய நியூயார்க் சட்டம் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழிவந்தது. மணமானவுடன் மனைவியின் அசையும் சொத்து கணவனுடையதாகிவிடும். அவளது நிலத்தின் ஆட்சியும் வருவாயும் அவன் கைக்குப் போகும். 1848 ஏப்ரல் 7 அன்று இயற்றப்பட்ட சட்டமே இந்நிலையை மாற்றியது. அதன்பின் மணம் புரியும் பெண்ணின் சொத்து, அவள் மணமாகாதவளைப் போலவே, அவளுடைய தனியுரிமையாக நீடிக்கும் என்றும், கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. கேத்தரினின் தாய் 1820இல் இளம்பெண்ணாக இருந்தவர்; கேத்தரினோ இரண்டாம் குழந்தை. இருபதைக் கடந்த பின்னரே அவளுக்குக் காதல் வாய்க்கிறது. எனவே மாரிஸ் டவுன்ஸெண்டின் வருகை 1848ஐ ஒட்டியே அமைகிறது. எனினும் சட்ட மாற்றத்தின் நிழல்கூட டாக்டர் ஸ்லோப்பரின் வாதங்களில் விழவில்லை. ஹார்வர்டில் சிறிது காலம் சட்டம் பயின்ற ஜேம்ஸ் இதனை அறியாதிருந்தார் எனக் கொள்வது கடினம். டாக்டருக்குத் தேவைப்படுவது பாதுகாப்பு அன்று, தம் கணிப்பு சரியென்னும் நிரூபணமே என்று கொண்டால் இம்மௌனம் பொருளுடையதாகிறது.

தாய்வழிச் சொத்தின் வரலாறு இதனினும் சுவையானது. டாக்டரும் செல்வக் குடும்பத்துப் பெண்ணைக் காதலித்து மணந்தவரே. வரதட்சணையாகக் கணிசமான செல்வம் வந்தது. குழந்தை பிறந்த ஒரு வாரத்தில் மனைவி இறந்துபோகிறார். பொதுச் சட்டப்படி அச்செல்வம் பணமாக இருந்திருந்தால் கணவனுக்கே சொந்தமாகியிருக்கும். நிலமாக இருந்திருந்தால், உயிருடன் குழந்தை பிறந்த காரணத்தால், அவரது ஆயுட்காலம் வரை அதன் அனுபவம் அவருக்கே கிடைத்திருக்கும். அவ்வாறின்றித் தந்தை உயிரோடு இருக்கும்போதே அவ்வருமானம் மகளின் உரிமையாக நிற்கிறது. நாவல் இதற்கு விளக்கம் தரவில்லை. திருமணத்தின்போதே ஹாரிங்டன் குடும்பத்தார் பொறுப்பாளர்களை நியமித்துத் தம் மகளின் சொத்தைத் தனியே கட்டி வைத்திருக்க வேண்டும் என்பதே பொருந்தும் ஊகம். அத்தகைய ஏற்பாடுகளை அன்றைய நீதிமன்றங்கள் ஏற்றுவந்தன. மாமனார் வீட்டார் ஸ்லோப்பரிடம் காட்டிய முன்னெச்சரிக்கையை ஸ்லோப்பர் மாரிஸிடம் காட்டியிருக்கலாம். மகளின் பங்கைப் பொறுப்பாளர் வசம் எழுதி வைத்துவிட்டுத் திருமணத்துக்கு இசைந்திருக்கலாம். அவர் தேர்ந்தது பங்கையே மறுக்கும் வழியை. மகளின் நலனே தந்தையின் நோக்கம் என்னும் வாசிப்பு இங்குத் தடுமாறுகிறது.

இறுதிக் காலத்தில் டாக்டர் மகளிடம் ஒரு வாக்குறுதி கேட்கிறார்: தாம் இறந்த பின் மாரிஸை மணக்கக் கூடாது. கேத்தரினுக்கு அவனை மணக்கும் எண்ணம் இல்லை. எனினும் வாக்களிக்க மறுக்கிறாள். காரணமும் கூறுவதில்லை. பயன், உயிலில் ஓர் இணைப்பு. முன்பு எழுதியதில் ஐந்தில் ஒரு பங்கே அவளுக்கு எனக் குறைக்கப்படுகிறது. பெருந்தொகை ஏழு சமமற்ற கூறுகளாகி மருத்துவமனைகளுக்கும் மருத்துவப் பள்ளிகளுக்கும் போகிறது. செல்வ வேட்டையரை அவள் இன்னும் விரும்புகிறாள் என்னும் ஏளனம் அந்த ஆவணத்திலேயே பதிவாகிறது. பங்கைக் குறைத்ததைவிடக் கொடிது இதுவே. உயில் பொது ஆவணம்; அதற்கு மறுமொழி எழுத மகளுக்கு இடமில்லை.

உயிலை உடனே முறியடிக்க வேண்டும் என்கிறார் அத்தை திருமதி பென்னிமன். கேத்தரினோ தனக்கு அது பிடித்திருக்கிறது என்றும், சொற்கள் மட்டும் சற்று வேறாக இருந்திருக்கலாம் என்றும் கூறிவிடுகிறாள். அத்தை நகைப்புக்குரிய பாத்திரம் என்பதால் அவரது யோசனையும் பிதற்றலாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் 1860இல் நியூயார்க் இயற்றிய சட்டமொன்று, கணவனோ மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ உள்ள ஒருவர், கடன் நீங்கிய தம் சொத்தில் பாதிக்கு மேல் அறநிறுவனங்களுக்கு உயில்வழி எழுதுவது செல்லாது எனத் தடுத்தது. நாற்பதை எட்டிய கேத்தரினைக் காட்டிய பிறகே நாவல் தந்தையின் மறைவைச் சொல்கிறது. ஆகவே அது 1860களில் நிகழ்ந்ததாகக் கொள்வதே பொருந்தும். அப்படியாயின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை எதிர்த்து வழக்காட மகளுக்கு இடம் இருந்தது. அன்றைய லூசியானாவில் இருந்ததுபோல ஒரே பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கை விலக்காமல் காக்கும் விதி நியூயார்க்கில் இருக்கவில்லைதான். எனினும் நாவலின் மிக எளிய பாத்திரம் கூறும் சொல்லே அதன் சட்டப் பகுதியில் சரியான சொல்லாக அமைவது சற்று வேடிக்கையே.

கேத்தரின் வழக்குத் தொடுக்காததைப் பணிவு என்று கொள்வோர் பலர். அவள் வாக்களிக்க மறுத்ததை மறந்தால்தான் அவ்வாறு கொள்ள இயலும். மணமாகாத வயதுவந்த பெண் என்ற வகையில் அவளுக்கு ஒப்பந்தம் செய்யவும் வழக்காடவும் முழுத் தகுதி உண்டு. வாழத் தேவையான பணம் தாய் தந்தது. தந்தையின் பணத்துக்காக நீதிமன்றம் செல்வது, அப்பணத்தின் மதிப்பே தன் மதிப்பு என்னும் அவரது கணக்கை ஏற்பதாகும். தந்தை இறந்த அடுத்த ஆண்டில் மாரிஸ் திரும்பி வரும்போது அவனையும் அவள் ஏற்பதில்லை. அவ்வேளையில், 1848ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவளை மணந்தாலும் அந்த 10,000 அவன் கைக்குப் போயிராது. இணைப்பில் தந்தை எழுதிய காரணம், அது எழுதப்பட்ட நாளிலேயே சட்டத்தில் பெருமளவு வலுவிழந்திருந்தது.