மாகனும் சூளவமிசமும்

உரோமாபுரியை 455 ஆம் ஆண்டில் பதினான்கு நாள் சூறையாடியவன் வந்தாலர் கோன் கெய்செரிக். அவன் குலப்பெயரைக் கொண்டே, அழிவுவேலையைக் குறிக்கும் சொல்லொன்றைப் பிரெஞ்சுப் புரட்சியாளர் 1794 இல் வழங்கினர். அவனது ஆட்சியைப் பற்றி விரிவாக எழுதிய விக்டர் என்பாரோ, வந்தாலரால் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்க சமயத்துக் குரு. வாளுக்குத் தோற்றோர் எழுத்தாணியால் வென்றனர் எனலாம். ஈழ வரலாற்றில் இவனுக்கு ஒப்பாக வைத்து ஆராயத்தக்கவன் காலிங்க மாகன்.

1215 இல் 24,000 வீரருடன் வந்து பொலன்னறுவையைக் கவர்ந்த மாகன், 21 ஆண்டு ஆண்டான் எனச் சூளவமிசம் கூறும். தாதுகோபங்கள் தகர்க்கப்பட்டதையும், குடிகள் உடைமை இழந்ததையும், ஏடுகள் கயிறறுத்துச் சிதறடிக்கப்பட்டதையும் அது பட்டியலிடுகின்றது. திரிபிடகம் எழுத்தில் வடிக்கப்பட்ட இடமென மரபு போற்றும் அலுவிகாரை நம் மாத்தளையிலேயே உள்ளது. ஏட்டை உயிரெனப் பேணிய அத்துறவியர் மரபில் வந்த ஆசிரியருக்கு, ஏடு சிதறியமை ஆறாப் புண்ணாயிற்று. எனவே அவரது சீற்றம் பொய்யன்று. ஆயினும் சீற்றமே முழு வரலாறும் ஆகாது.

இதனைத் தமிழர் சிங்களவர் போராகக் காண்போரை அந்நூலே மறுக்கின்றது. மாகன் கண்களைப் பறித்த பராக்கிரம பாண்டியன், பெயருக்கேற்பப் பாண்டி நாட்டினன். மூன்றாண்டு நெறி பிறழாது ஆண்டவன் என அதே நூலாற் பாராட்டப்படுபவன். ஆசிரியர் அரசரை அளக்குங் கோல் குலமன்று, சாசனத்தைக் காத்தனரா என்பதே.

மட்டக்களப்பு மான்மியமோ மாகோனைச் சைவங் காத்த மன்னனாகப் போற்றும். ஒரு நூலின் வசையை மற்றொன்றின் புகழால் ஈடுசெய்தல் திறனாய்வன்று. தந்ததாதுவைத் துறவியர் கொத்மலைக்குக் கொண்டுசென்று மறைத்தனர்; சிங்களத் தலைவர் யாப்பகுவை முதலிய குன்றுகளில் அரண் அமைத்தனர். இவை மாகன் காலக் கொடுமைக்குச் சான்றாவன. ஆயினும், 1196 இல் நிசங்கமல்லன் இறந்தபின் இருபதாண்டுக்குள் அரியணை பலமுறை கைமாறியதை நோக்கின், இராசரட்டையின் வீழ்ச்சி முழுவதையும் ஒருவன் தலையிற் சுமத்துதல் பொருந்தாது.

மாகனுக்காக நாணவும் வேண்டா. அவனாற் செருக்குறவும் வேண்டா. யார் எழுதினார், எதனை இழந்து எழுதினார் என வினாவி வாசிக்க மாணவரைப் பழக்குதலே வரலாற்றாசிரியர் கடனாம்.