பாழ்மாளிகையும் பிறப்புச் சான்றும்

கோதிக் நாவல், ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ‘ஒட்ரான்டோ கோட்டை’யோடு தொடங்குகிறது என்பர். அதிலிருந்து நம் சினிமா பெற்றுக்கொண்டது பேயும் பாழ்மாளிகையுமே. 2005இல் வந்த ‘சந்திரமுகி’யின் பூட்டிய அறையும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அந்நாவலின் உயிர் பேயன்று. அபகரிக்கப்பட்ட அரசும், குடியானவனாகத் திரிந்தவனே உண்மை வாரிசு என வெளிப்படுவதுமே அதன் உயிர்.

இக்கரு ஈழத்துத் தமிழில் கண்டியில்தான் முளைத்தது. கண்டிச் சட்டத்தரணி சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’யில், குழந்தைப் பருவத்திலேயே களவாடப்பட்ட எகிப்தியப் பிரபுவின் மகன் பம்பாயில் வளர்ந்து, இறுதியில் தன் குலத்தை அடைகிறான். பேய் இல்லை, களவுபோன பிறப்பு இருக்கிறது. முஸ்லிம்களின் கல்விக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த ஆசிரியர், நாயகனுக்கு முடிசூட்டும்போது மட்டும் இரத்த உறவையே சான்றாகக் கொள்கிறார். நாவலின் பலவீனம் இதுவே.

அந்நாளில் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்தது. மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் லயம். லயத்தில் பிறந்தவனிடம் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டது என்ன? தந்தை இலங்கையில் பிறந்தார், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்பதற்குச் சான்று! கதைக்கு ஓர் அடையாளம் போதும். சட்டத்திற்குக் காகிதம் வேண்டும். லயத்தில் காகிதம் ஏது? எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். கோதிக் மரபை ஆராயும் மாணவர் ‘சந்திரமுகி’யோடு நின்றுவிடாமல், அசன்பேயையும் வீடற்றவனையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும்.